மரிச்ச வீட்டு லைன்

மரிச்ச வீட்டுக்கு லைன் இழுக்க ஃபாரம் கிடையாது. குமாரதாஸ் நெட் ஆபீசில் அது எழுதாத சட்டம். மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருக்கும் அந்த ஆபீசுக்கு ஒரு போன் வரும். அப்பா போய்விட்டார், நாளைக்கு அடக்கம், பிள்ளை கத்தாரில் இருக்கிறான், அவனுக்குக் காட்ட வேண்டும். அவ்வளவு போதும். லைன்மேன் ஞானசிங் ஏணியையும் வயர்ச் சுருளையும் பைக்கில் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். பக்கத்துப் போஸ்ட்டில் மாட்டியிருக்கும், வீடுகளுக்கு நெட்டைப் பிரித்துக் கொடுக்கிற ஸ்விட்ச் பெட்டியில் எந்த போர்ட் காலியாகக் கிடக்கிறதோ அதில் சொருகி, மரிச்ச வீட்டு முற்றம்வரை நெட் கொடுத்துவிடுவார். மூன்றாம் நாள் ஜெபம் முடிந்ததும் வயரைச் சுருட்டிக்கொண்டு வருவார்.

மொபைலில் காட்டினால் ஆகாதா என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்து அடக்கத்துக்கு வந்து பார்த்ததில்லை. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே சிக்னலே பாதி. அதில் முந்நூறு பேர் ஒரே முற்றத்தில் கூடினால் அந்தப் பாதியும் போச்சு. வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடுதான் எத்தனை இங்கே? பெட்டி மூடுவதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் போனை முகத்துக்கு நேரே பிடிப்பார்கள். அங்கே இருக்கிற பிள்ளை கடைசியாகப் பார்த்துக்கொள்வான், ஏதாவது சொல்வான். அதற்குத்தான் அந்த லைன். துக்கத்தில் கிடக்கிறவர்களிடம் ஆதார் நகல் எங்கே, கையெழுத்து எங்கே என்று மனுஷன் கேட்பானா? குமாரதாஸ் கேட்டதில்லை. ஆகவே ரிஜிஸ்டரிலும் அது ஏறியதில்லை.

ரெனிஷாவுக்கு இது தெரியாமல் இல்லை. அதுதான் இந்தக் கதையின் சங்கடமே. நாலு வருஷமாக அந்த ஆபீசில் போன் எடுப்பவள் அவள். மரிச்ச வீட்டு போன் வந்தால் ஞானசிங்கிடம் சொல்லி அனுப்புவதும் அவள்தான்.

அருமனையிலிருந்து பஸ்ஸில் வருபவள். இன்ஜினியரிங் படித்தவள். படித்ததற்கும் பார்க்கிற வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் இருந்தது. புகார் கேட்பாள். பிறகு ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, சொன்னதையே திரும்பத் திரும்ப டைப் அடிப்பாள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்விட்ச். ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் இரண்டு முழு நாள் போய்விடும். போன ஓணத்துக்கு முந்தின வாரம், நூற்று நாற்பதாவதோ என்னவோ, கண் சொக்கி ஒரு எண்ணை மாற்றி அடித்துவிட்டாள். ஒரு ஊருக்கே மறுநாள் மத்தியானம்வரை நெட் இல்லை. குமாரதாஸ் போட்ட சத்தம் ஜவுளிக்கடை வரைக்கும் கேட்டது.

அன்றைக்குத்தான் அவளுக்கு ரோஷம் வந்தது. இதை மனுஷக் கை செய்யக்கூடாது, புரோகிராம் செய்ய வேண்டும் என்று முடிவு பண்ணினாள். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பஸ்ஸில் ஒரு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யூடியூபில் பைத்தான் படித்தாள். ஸ்டோர் ரூமில் ஓரங்கட்டிப் போட்டிருந்த மூன்று பழைய ஸ்விட்சுகளைத் தூசி தட்டி எடுத்து, ஒன்றோடொன்று வயரால் கோத்து, அவற்றின்மேல் பரீட்சை பண்ணினாள். முதல் புரோகிராம் ஆறு வரி. ஸ்விட்சுக்குள் போய் "உன் பெயர் என்ன?" என்று கேட்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பெயர் திரையில் வந்தபோது அவள் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். ஆறு வரியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்ல முடியாது. அவள் போகாமல், அவள் எழுதியது போய்க் கேட்டுக்கொண்டு வந்தது. சந்தோஷம் அதில்தான்.

அதன்பின் ஒன்றொன்றாகக் கற்றாள். கேட்டு வருவது, கேட்டதை ஒப்பிடுவது, வித்தியாசம் இருந்தால் மாற்றுவது. எட்டு மாதம் ஆயிற்று. எத்தனையோ நாள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோய் அம்மாவிடம் ஏச்சு வாங்கினாள். படித்ததிலெல்லாம் அவளுக்கு ரொம்பப் பிடித்த பாடம் ஒன்று உண்டு. நெட்வொர்க் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு லிஸ்ட் எழுதி வைத்துவிட வேண்டும். புரோகிராம் தினம் போய்ப் பார்க்கும். லிஸ்டில் இருக்கிற வீட்டுக்கு லைன் இல்லையென்றால் திறந்துவிடும். லிஸ்டில் இல்லாத போர்ட் எங்காவது திறந்து கிடந்தால் அடைத்துவிடும். லிஸ்ட்தான் சத்தியம், மற்றதெல்லாம் பிழை. மெஷினுக்கு அது நல்ல சட்டம்தான். ரிஜிஸ்டரைப் பார்த்துப் பார்த்து அந்த லிஸ்டைத் தயார் பண்ணினாள்.

குமாரதாசுக்கு லேசில் சம்மதம் வரவில்லை. நெற்றியில் நாமமும் கழுத்தில் துண்டுமாக, கேபிள் டிவி காலத்திலிருந்து போஸ்ட்டில் ஏறி ஏறி வளர்த்த கம்பெனி அது.

"பிள்ளே, மெஷின் தன்னால போயி லைன மாத்தும்ணு சொல்லுத. எனக்கு பயமும் வெப்ராளமுமா இருக்கு. ஒரு வீட்டுல லைன் போச்சுண்ணு போன் வரட்டு, அண்ணைக்கே இத தூக்கி தூர போட்டுருவேன், கேட்டியா?"

"போவாது சாரே. செய்யதுக்கு முன்ன, என்னெல்லாம் செய்யப்போறேன்னு அதுவே எழுதிக் காட்டும். பாத்துட்டுதான் அமுக்குவேன்."

அந்த வாக்கை அவள் காப்பாற்றத்தான் செய்தாள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

திங்கட்கிழமை காலையில் அயனிவிளையிலிருந்து போன் வந்தது. ரப்பர் பால் வெட்டுகிற ஸ்டெனி என்பவன். "அம்ம மரிச்சு போச்சு பிள்ளே. நாளைக்கு அடக்கம். அண்ணன் மஸ்கட்ல கெடக்கான், விசா மாத்துகதுக்கு பாஸ்போர்ட்ட கொடுத்திருக்கான், வர முடியாது. ஒரு லைன் போட்டுத் தருவியளா?" ஞானசிங் மத்தியானத்துக்குள் போட்டுக் கொடுத்துவிட்டார்.

புரோகிராமுக்குக் குறித்த நாள் மறுநாள், செவ்வாய். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், பெரியவர்கள் சாப்பிட்டுச் சாய்ந்திருப்பார்கள், நெட் ஓட்டம் குறைவாக இருக்கும் என்று மூன்றரை மணியை அவளே தேர்ந்தெடுத்தாள். இரண்டு மணிக்கு, என்னென்ன செய்யப்போகிறது என்பதை எழுதிக் காட்டச் சொன்னாள். நாற்பத்தாறு வரி வந்தது. நாற்பத்தாறு போர்ட் ரிஜிஸ்டரில் இல்லை, அடைக்கப்படும்.

"நாப்பத்தாறா!" என்று குமாரதாஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "களவாணிப் பயலுவ! இத்தன வருஷமா காசு தராம எனக்க கண்ணுல மண்ணள்ளிப் போட்டிருக்கானுவளே! அடை பிள்ளே, ஒக்க அடை!"

ரெனிஷா ஒவ்வொரு வரியாக நகர்த்திக் காட்டினாள். முப்பத்தோராவது வரி அயனிவிளை, நாலாவது போஸ்ட், பதினோராம் போர்ட். கண் பார்த்தது. பார்க்கவில்லை என்று பின்னால் அவளால் பொய்கூடச் சொல்ல முடியவில்லை. நேற்றுக் காலை போன் எடுத்த அதே பெண்தான், அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். ஆனால் எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக ஒருத்தர் வாய் பிளந்து அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கவனம் முழுக்க அவர்மேல் இருந்தது. ஊர் பெயரைத் தாண்டி விரல் கீழே போய்விட்டது.

மூன்று முப்பதுக்கு அமுக்கினாள். இருநூற்றுப் பன்னிரண்டு ஸ்விட்சும் நாலு நிமிஷத்தில் முடிந்தது. இரண்டு நாள் வேலை. குமாரதாஸ் கீழே ஆளனுப்பிப் பழம்பொரியும் சாயாவும் வரவழைத்தார். முதல் துண்டை அவள் வாயில் வைக்கும்போது போன் அடித்தது. ஞானசிங்.

"பிள்ளே, அயனிவிளை லைன் செத்துட்டு. பெட்டி மூடப் போறாவ. அந்தப் பய போனப் புடிச்சிட்டு நிக்கான், அங்கத்த ஆளக் காணல. ஒண்ணு பாரு மக்கா, சீக்கிரம் பாரு."

அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. பழம்பொரியைத் தட்டில் போட்டாள். அயனிவிளை நாலாவது போஸ்ட் ஸ்விட்சுக்குள் போனாள். அவசரத்தில் கடவுச்சொல்லை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். பதினோராம் போர்ட்டைத் திறந்தபோது மணி மூன்று நாற்பத்திரண்டு.

"வந்துட்டு," என்றார் ஞானசிங். பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா மூடியாச்சு பிள்ளே. மழ வருதுண்ணு போதகர் அவசரப்பட்டாரு. பெட்டிய எடுத்துட்டாவ."

திரையில் பதினோராம் போர்ட் திறந்திருப்பதாகக் காட்டியது.

"ஆளுவ வயரக் காலால சவுட்டியிருப்பாவ. நான் கொஞ்சம் மேல தூக்கிக் கட்டியிருக்கணும். எனக்க தப்பு."

"இருக்கும் அண்ணே," என்றாள் ரெனிஷா.

இருக்கும் அண்ணே! அந்த இரண்டு வார்த்தை எப்படி அவள் வாயில் வந்ததோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். முப்பது வருஷம் போஸ்ட் ஏறிய மனுஷன், செய்யாத தப்பைத் தலையில் போட்டுக்கொள்கிறார். இவள் அதை ஆமோதிக்கிறாள். அன்று வீட்டுக்குப் போய்த் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மூன்றாம் நாள் ஜெபம் முடிந்து ஞானசிங் வயரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். சுருளை ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டு அங்கேயே ஒரு அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த வீட்டுல கெதி கெட்டுப் போச்சு பிள்ளே."

"என்ன அண்ணே?"

"மஸ்கட்காரன் பேரு ஷாஜன். அண்ணனும் தம்பியும் ஒரு வருஷமா பேச்சில்ல, பாத்துக்கோ. போன வருஷம் அவியளுக்க அம்ம ராகேலம்ம வாதம் வந்து விழுந்தப்போ அவனால வர முடியல. தம்பி கோவத்துல என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? அம்மய பாக்க வராதவன் அம்மைக்க முகத்தயும் பாக்காண்டாம், மரிச்சாலும் உனக்கு காட்டமாட்டேன்னு சொல்லியிருக்கான். ஊரு கேக்க சொல்லியிருக்கான்."

ரெனிஷா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிறவு அம்ம மரிச்சதும் இவனே மனசு இளகி விளிச்சு, நான் காட்டுகேன், நீ பாத்துக்கோண்ணு சொல்லித்தான் லைன் போட்டது. அவன் அங்க இருந்து 'அம்மா'ண்ணு விளிச்சுட்டு இருக்கச்சில, முகத்தக் காட்டுகதுக்கு முன்ன லைன் போச்சு. பெட்டி மூடியாச்சு. அவனுக்கு எப்பிடித் தோணும்? 'நீ சொன்னபடியே செஞ்சுட்டே'ண்ணு ஒரு மெசேஜ் போட்டிருக்கான். அதோட தம்பிக்க நம்பர அடச்சுட்டான். வயருதான் போச்சுண்ணு நான் சொல்லிப் பாத்தேன். ஸ்டெனி நம்புகான். அங்க கெடக்கவன் நம்பாண்டாமா?" சொல்லிவிட்டு ஞானசிங் முகத்தைத் துடைத்தார். "ஒரு முழம் மேல கட்டியிருந்தா ரெண்டும் சேந்திருக்கும்."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. அங்கேயே சொல்லிவிட்டாள். வயரை யாரும் மிதிக்கவில்லை, அடைத்தது நான் எழுதின புரோகிராம், நான் பார்த்துவிட்டுத்தான் அமுக்கினேன் என்று அழுதுகொண்டே சொன்னாள். ஞானசிங் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சுருட்டி வைத்த வயரை எடுத்து ஆணியில் மாட்டினார். பிறகு, "சாருகிட்ட சொல்லு," என்றார்.

குமாரதாஸ் கேட்டதும் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும் ஞானசிங் அண்ணனுக்கும்."

"அப்போ அது இஞ்சயே கெடக்கட்டு."

"சாரே, அண்ணனும் தம்பியும்..."

"குடும்பத்துல ஆயிரம் கெடக்கும் பிள்ளே, நாளானா செரியாவும். நீ போயி சொன்னா என்ன நடக்கும்? குமாரதாஸ் மரிச்ச வீட்டுல லைன வெட்டுனாண்ணு கடியப்பட்டணம் வரை பேசுவானுவ. எத்தன வீட்டுக்கு நான் சும்மா இழுத்துக் கொடுத்திருக்கேன்! அந்தப் பேரு ஒரு நாளையில போவும்." அவர் குரல் உடைந்தது. கெட்ட மனுஷன் இல்லை. அந்த எழுதாத சட்டத்தை உண்டாக்கியவரே அவர்தான். அதனால்தான் இந்தப் பயம். "போவாத. சொல்லைக் கேளாம போனேண்ணா, திரும்ப இந்த ஏணிப்படி ஏறாண்டாம்."

புரோகிராம் தான் செய்ததையெல்லாம் நேரத்தோடு எழுதி வைக்கும்படி ரெனிஷா முன்பே ஏற்பாடு செய்திருந்தாள். அந்தப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்தாள். எட்டு மாதம் உட்கார்ந்த ஸ்டோர் ரூமை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அந்த மூன்று ஸ்விட்சிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டுக் கீழே இறங்கி அயனிவிளை பஸ்ஸில் ஏறினாள்.

அங்கே போய்ச் சேரும்போது நாலரை மணி. பந்தலைப் பிரித்துவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி ஓரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். ஸ்டெனி முற்றத்தில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தான். நாற்பது வயசு இருக்கும். மூன்று நாள் தாடி. அவன் மனைவி கட்டஞ்சாயா கொண்டுவந்து நீட்டினாள். ரெனிஷா வாங்கவில்லை, உட்காரவும் இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

ஸ்டெனி காகிதத்தை வாங்கிப் பார்த்தான். அதில் ஊர்ப் பெயரைத் தவிர அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

"திங்களாச்ச நான் விளிச்சப்போ போன் எடுத்தது நீதானே?"

"நான்தான் அண்ணே."

"பிறவு எப்பிடிட்டி மறந்தே?"

ரிஜிஸ்டரில் இல்லை என்று ஒரு பதில் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. "மறக்கல அண்ணே. கண்ணால பாத்தேன். பாத்துட்டு யோசிக்காம அமுக்கிட்டேன்."

அடிப்பான் என்றுதான் நினைத்தாள். அவன் காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தான். "என்கிட்ட சொல்லி என்னத்துக்கு? நான் எந்த நம்பர்ல விளிச்சாலும் அவன் எடுக்க மாட்டான்."

"நம்பரத் தாருங்க. எனக்க போன்ல விளிக்கேன்."

இரண்டாம் தடவைக்குத்தான் ஷாஜன் எடுத்தான். அடுக்குக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அம்மா இறந்த வீட்டுப் பிள்ளை, ஆறுதல் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இல்லை. ரெனிஷா தான் யார் என்று சொன்னாள், நடந்ததைச் சொன்னாள். அவன் முகம் இறுகியது.

"அவன் சொல்லித் தந்து பேசுதியா?"

"இல்லண்ணே. எனக்க ஓனரு போவாண்டாம்ணு சொன்னாரு. கேளாம வந்திருக்கேன். உங்களுக்கு அண்ணைக்கு எத்தன மணிக்கு நிண்ணுது?"

"ரெண்டு மணி ஒரு நிமிஷம். சாவுற வரை மறக்கமாட்டேன்."

"அங்க ரெண்டு ஒண்ணுண்ணா இஞ்ச மூணு முப்பத்தொண்ணு. உங்க வீட்டு லைன நான் அடச்சது மூணு முப்பத்தொண்ணு, பதினாலு செகண்ட். இந்தா இருக்கு, பாருங்க." காகிதத்தைத் திரைக்கு நேரே காட்டினாள். "திரும்பத் திறக்க பதினோரு நிமிஷம் ஆச்சு. இதுல வயருக்கும் தப்பில்ல, உங்க தம்பிக்கும் தப்பில்ல. நான்தான் செஞ்சேன். உங்க அம்மைக்க முகத்த நீங்க பாக்காம போனது என்னாலதான்."

அவன் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் எங்க நிக்கான்?"

அவள் போனை நீட்டினாள். ஸ்டெனி முதலில் வாங்கவில்லை. மனைவி தோளில் தட்டினாள். வாங்கினான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பேசினார்கள்.

"லைன் போனதும் நீ போனப் பாக்கெட்டுல போட்டிருப்பே," என்றான் ஷாஜன்.

"இல்ல."

"பிறவு?"

"புடிச்சுட்டே நிண்ணேன். பெட்டி மூடுகது வரை, அம்மைக்க முகத்துக்கு நேரே." ஸ்டெனி போனை அப்படியே உயர்த்திப் பிடித்துக் காட்டினான். "இஞ்ச உன்ன காணல. ஒரு வட்டம் மட்டும் கறங்கிட்டு கெடந்து. ஒருவேள அங்க உனக்கு தெரியுமாயிருக்கும்ணு நெனச்சேன் அண்ணா. கைய எடுத்தா உனக்குப் போயிருமேண்ணு எடுக்கல. மூடி வச்ச பிறவும் புடிச்சுட்டு நிண்ணேன். ஆளுவதான் கையத் தாழ்த்தி விட்டாவ."

பிறகு ஷாஜன் சொன்னான்:

"கை கடுத்திருக்குமேடே."

ஸ்டெனி தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மா போன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை முழுவதும் அப்போதுதான் வந்தது. அங்கேயும் அழுகை கேட்டது. ஸ்டெனியின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். ரெனிஷாவை யாரும் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மன்னித்தோம் என்றும் சொல்லவில்லை. அதைக் கேட்கிற தைரியம் அவளுக்கும் இல்லை.

அண்ணனும் தம்பியும் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எந்தச் சேலை உடுத்திவிட்டீர்கள், கடைசியாக என்ன சாப்பிட்டாள், என் பெயரைச் சொன்னாளா. அரைமணி நேரம் ஆகியிருக்கும். திடீரென்று ஸ்டெனி தலையைத் தூக்கினான்.

"பிள்ளே, உனக்கு வேற போன் வருது. குமாரதாஸ் சார்ண்ணு இருக்கு."

ரெனிஷா ஓரமாக நின்றிருந்தாள். ஏணிப்படியை நினைத்தாள்.

"கட் பண்ணிருங்க அண்ணே," என்றாள். "நீங்க பேசுங்க."